லவனா, குசனா? இரட்டையரில் மூத்தவர் யார் என்ற கணக்கு

இராமேசுவரம் தீவிலும் திருப்புல்லாணிப் பக்கமும் இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தால் ராமன், லட்சுமணன் என்று பேர் வைக்கிற வழக்கம் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அதே வேளையில் அசன், உசேன். இந்த இரண்டு ஜோடியுமே இரட்டையர் அல்லர். நபிகள் நாயகத்தின் பேரர்களில் அசன் ஹிஜ்ரி 3-இல் பிறந்தவர், உசேன் அடுத்த ஆண்டில் பிறந்தவர். ராமன் கோசலையின் மகன், லட்சுமணன் சுமித்திரையின் மகன். அங்கே தாயே வேறு. லட்சுமணனோடு ஒரே வயிற்றில் கிடந்தவன் சத்துருக்கன். அந்தப் பேரை யாரும் இரட்டைப் பிள்ளைக்குத் தேடிப் போவதில்லை.

இரட்டையர் பற்றிய கதைகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இரண்டு கேள்விகளைத்தான் சுற்றுகின்றன. முன்னால் வந்தவர் யார்? இவரா அவரா, எப்படிக் கண்டுபிடிப்பது? புராணமும் அரண்மனையும் முதல் கேள்வியைக் கையில் எடுத்தன. சினிமாவும் விளையாட்டும் இரண்டாவதை. உருவ ஒற்றுமைதான் இரட்டையரின் சிறப்பு என்று நினைக்கிறோம். ஆனால் மனிதர்களை உண்மையில் அலைக்கழித்தது முன்பின் என்கிற கணக்குதான்.

ராமாயணத்திலிருந்தே தொடங்கலாம். புத்திரகாமேட்டி வேள்வியில் கிடைத்த பாயசத்தைத் தசரதன் பங்கு வைத்த கணக்கை வால்மீகி தெளிவாகவே சொல்கிறார். கோசலைக்கு அரை. மீதியில் பாதி, அதாவது கால், சுமித்திரைக்கு. எஞ்சிய காலில் பாதியான அரைக்கால் கைகேயிக்கு. கடைசி அரைக்காலை யோசித்துப் பார்த்து மறுபடி சுமித்திரைக்கே கொடுத்துவிடுகிறான். ஆக, சுமித்திரைக்கு இரண்டு தடவையாக காலும் அரைக்காலும். இரண்டு தடவை உண்டதால் இரண்டு பிள்ளைகள். கம்பன் இதையே வேறு விதமாகச் சொல்கிறான்: மூவருக்கும் கொடுத்த பிறகு பிதிர்ந்து விழுந்த மிச்சமும் சுமித்திரைக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும் தர்க்கம் ஒன்றுதான்: ஒன்று இரண்டாகப் பிரியவில்லை, இரண்டு தனித்தனியாக வந்து சேர்ந்தன. இன்றைய மருத்துவம் இரு கரு இரட்டையர் என்று சொல்வதும் இதைத்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

மகாபாரதத்தில் மாத்திரி குந்தியிடம் ஒரே ஒரு முறை மந்திரத்தை இரவல் வாங்கினாள். அசுவினி தேவர்களை நினைத்தாள். அவர்களே இரட்டையர் என்பதால் நகுலன், சகாதேவன் என்று இருவர் பிறந்தார்கள். இன்னொரு முறை மந்திரம் கேட்டபோது குந்தி மறுத்துவிட்டாள். ஒரு தடவை சொல்லி இரண்டு பெற்றுக்கொண்டாளே, நான் ஏமாந்தேனே என்பது குந்தியின் ஆற்றாமை.

இனி லவ குசர்கள். கதையின் முடிச்சு இந்தக் கரைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புல்லில் இருக்கிறது. திருப்புல்லாணியில் ராமன் கடலரசனை வேண்டித் தருப்பையின் மேல் படுத்திருந்ததாகத் தலபுராணம். தர்ப்பசயனராமர் சன்னிதி அதற்குத்தான். அதே புல்தான் உத்தர காண்டத்தில் சீதை பிரசவித்த இரவில் வால்மீகியின் கைக்கு வருகிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமலிருக்க மந்திரித்த தருப்பைப் பிடியைக் கொடுத்து, முன்னால் பிறந்தவனை அதன் நுனிப்பகுதியான குசத்தால் துடையுங்கள், அவன் பேர் குசன். பின்னால் பிறந்தவனை அடிப்பகுதியான லவத்தால் துடையுங்கள், அவன் பேர் லவன் என்கிறார். மூத்தவன் குசன், ஐயமே இல்லை. நாமோ தலைமுறை தலைமுறையாக லவ குசா என்று இளையவனை முன்னால் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வடமொழியில் 'குசீலவர்' என்று குசன்தான் முன்னால் வருவான். இன்னொரு செய்தியையும் பலர் கவனிப்பதில்லை. அந்த இரவில் அதே ஆசிரமத்தில் தங்கியிருந்தவன் சத்துருக்கன், லவணாசுரனைக் கொல்லப் போகும் வழியில். ஓர் இரட்டையன் தங்கியிருந்த இடத்தில் அடுத்த தலைமுறை இரட்டையர் பிறந்திருக்கிறார்கள்.

சேது என்றால் நளனும் நீலனும் நினைவுக்கு வருவார்கள். இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் இருவர் பேரிலும் ஒவ்வொன்று இருப்பதால் இருவரையும் இரட்டையராகவே எண்ணுகிறவர்கள் உண்டு. வால்மீகியில் நளன் விசுவகர்மாவின் மகன், நீலன் அக்கினியின் மகன்; கடலைக் கட்டும் வேலை நளனுடையது. அதே 22-இல் யமுனா தீர்த்தத்துக்குத்தான் உண்மையான இரட்டைக் கதை இருக்கிறது. சூரியனுக்குப் பிறந்த யமனும் யமியும் இரட்டையர். யமம் என்ற வடசொல்லுக்கே இரட்டை என்றுதான் பொருள். அந்த யமிதான் பின்னால் யமுனை. பேர் சொல்லவே தயங்குகிற எமன், பேரளவில் ஓர் இரட்டைப் பிள்ளை.

மூத்தவர் யார் என்ற கேள்விக்கு, முதலில் வெளியே வந்தவர் என்பதுதான் எளிய விடை. அதை எல்லாரும் ஏற்கவில்லை. பாகவதம் இரணியகசிபு, இரணியாட்சன் பிறப்பில் ஒரு நுட்பம் வைக்கிறது: தந்தையிடமிருந்து முதலில் கருவானவன் இரணியகசிபு, தாய் முதலில் பெற்றவன் இரணியாட்சன். உள்ளே முதலில் போனவர் வெளியே கடைசியில் வருவார் என்ற கணக்கு இது. ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் வேறு காரணம் சொல்லி இதே இடத்துக்கு வருகிறார்கள். முதலில் வரும் பிள்ளைக்குத் தாய்வோ என்று பேர், பின்னால் வருவது கெகிந்தே. மூத்தது கெகிந்தே. உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்து வா என்று இளையதை முன்னால் அனுப்பி வைத்ததாம்.

விவிலியத்தில் ரெபெக்காளுக்குப் பிறந்த இரட்டையரில் ஏசா முதலில் வந்தான். அவன் குதிங்காலைப் பிடித்தபடியே யாக்கோபு வந்தான். பிறகு ஒரு வேளைப் பயற்றங்கூழுக்கு ஏசா தன் சேட்ட புத்திர பாகத்தை, அதாவது மூத்தவனுக்குரிய உரிமையை விற்றான். அதைவிட நுணுக்கமானது தாமாரின் பிரசவம். ஒரு பிள்ளையின் கை முதலில் வெளியே வந்தது. இதுதான் மூத்தது என்று மருத்துவச்சி கையில் சிவப்பு நூல் கட்டினாள். கை உள்ளே இழுத்துக்கொண்டது, மற்றவன் முதலில் பிறந்துவிட்டான். அவன் பாரேஸ்; நூல் கட்டிய சேரா இரண்டாவது. கை முன்னால் வருவது பிரசவத்தில் எவ்வளவு சிக்கலான நிலை என்று மருத்துவச்சிகள் அறிவார்கள். அந்தச் சிக்கலையும் வாரிசுச் சண்டையையும் இரண்டு மூன்று வரியில் முடிச்சுப் போட்ட கதை இது.

அந்தச் சிவப்பு நூலின் வேலையை இன்று ஸ்கேன் செய்கிறது. கருப்பை வாய்க்குப் பக்கத்தில் இருப்பது முதல் குழந்தை, மற்றது இரண்டாவது என்று குறித்துவிடுவார்கள். சுகப்பிரசவத்தில் அந்த வரிசை பெரும்பாலும் மாறாது. அறுவைச் சிகிச்சையில் கைக்கு எட்டுவதை மருத்துவர் முதலில் எடுப்பதால் சில சமயம் மாறும். இரண்டாவது குழந்தையும் அரை மணிக்குள் பிறப்பதே வழக்கம். பிறந்த நிமிடத்தைப் பிறந்த உடனே எழுதி, கைப்பட்டையையும் அங்கேயே கட்ட வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதினால் முன்பின் புரண்டு, பிறப்புச் சான்றிதழில் அப்படியே நின்றுவிடும். சாதகம் கணிக்கக் கொடுப்பவர்களுக்கும் இது முக்கியம். லக்கினம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மாறும், நவாம்சமோ ஏறத்தாழ 13 நிமிடத்தில் மாறிவிடும்.

அரண்மனைகளில் நிமிடத்துக்கு என்ன விலை என்பதற்கு மொனாக்கோ நல்ல சான்று. 2014 டிசம்பர் 10 அன்று அந்நாட்டு இளவரசரின் இரட்டையரில் கேப்ரியெல்லா மாலை 5.04-க்குப் பிறந்தாள், ஜாக் 5.06-க்கு. பட்டத்துக்குரியவன் ஜாக். பிள்ளைகளில் ஆணுக்கே முதலுரிமை என்பது அந்நாட்டுச் சட்டம். டென்மார்க் 2009-இல் அந்த முறையை மாற்றி, ஆணோ பெண்ணோ முதலில் பிறந்தவருக்கே உரிமை என்றது. 2011 ஜனவரி 8 அன்று அந்நாட்டு அரச குடும்பத்தில் வின்சென்ட் பிறந்து 26 நிமிடம் கழித்து யோசஃபீன் பிறந்தாள். அங்கே வின்சென்ட் முன்னால் நிற்பது அந்த 26 நிமிடத்தால்தான், ஆண் என்பதால் அல்ல. இந்த இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாரிசுச் சட்டம் பற்றி வேறு பாடமே வேண்டாம். கிளியோபாட்ராவின் இரட்டையர் அலெக்சாந்தர் ஹீலியோசும் கிளியோபாட்ரா செலீனேயும். ஹீலியோஸ் என்றால் சூரியன், செலீனே என்றால் நிலா. மகள் பின்னால் வட ஆப்பிரிக்காவின் பழைய மௌரித்தானியாவுக்கு அரசியானாள்.

இரட்டையர் எப்படி உண்டாகிறார்கள் என்பதில் நம் பக்கம் வாழைப்பழக் கதை உண்டு. ஒரே தோலுக்குள் ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று பெண்களிடமிருந்து அதை ஒதுக்கி வைப்பார்கள். பழத்துக்கும் கருவுக்கும் தொடர்பில்லை. நடப்பது இரண்டு வகை. ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிப்பட்டு, தனித்தனி விந்தணுவால் கருவானால் இரு கரு இரட்டையர். இவர்கள் சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கை அளவுக்கே ஒத்திருப்பார்கள். ஒன்று ஆண், ஒன்று பெண்ணாகவும் இருக்கலாம். தாய்வழியில் வரும் தன்மை, தாயின் வயது, குழந்தைப்பேற்று மருந்துகள் ஆகியவை இந்த வகையைக் கூட்டும். கருவான ஒரே முட்டை பிறகு இரண்டாகப் பிரிந்தால் ஒரு கரு இரட்டையர். இது உலகெங்கும் ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவிலேயே இருக்கிறது.

பிரியும் நாளைப் பொறுத்து மற்றவை மாறும். முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் தனி நஞ்சு (நஞ்சுக்கொடி), தனி நீர்ப்பை. 4 முதல் 8 நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, நீர்ப்பை இரண்டு. அதற்கும் பிறகு 13-ஆம் நாள் வரை என்றால் பையும் ஒன்றே. அதையும் தாண்டிப் பிரியத் தொடங்கினால் ஒட்டிப் பிறக்கிறார்கள். 1811-இல் சயாமில் பிறந்த சாங், எங் சகோதரர்கள் அப்படிப்பட்டவர்கள். சயாமிய இரட்டையர் என்ற சொல் அவர்களால் வந்தது. இருவரும் 1874 ஜனவரியில் ஒரே நாளில் இறந்தார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: பிரசவத்தில் ஒரே நஞ்சு வந்தது, அதனால் ஒரு கரு இரட்டையர்தான் என்று முடிவு கட்டுவது. இரு கரு இரட்டையரின் இரண்டு நஞ்சும் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொள்வது உண்டு. ஒரு கரு இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத் தனித்தனி நஞ்சும் இருக்கும். ஐயம் தீர டிஎன்ஏ சோதனைதான் வழி. நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அதைத் தவறவிட்டால் பிறகு சொல்வது கடினம். ஒரே நஞ்சைப் பகிரும் குழந்தைகளில் ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குப் பாய்ந்து இரண்டுமே ஆபத்தாகலாம். அதனால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்வரச் சிரமம் என்று தீவுக் குடும்பங்கள் தள்ளிப்போடக் கூடாத ஸ்கேன் இது.

மகப்பேறு மருத்துவம் என்றால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய இரட்டையர் நினைவுக்கு வர வேண்டும். 1887 அக்டோபர் 14 அன்று பிறந்த ஆற்காடு இராமசாமி முதலியார், ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். பேரைப் பாருங்கள், அந்தப் பழைய வழக்கம்தான். இராமசாமி 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். இலட்சுமணசாமி 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்கெல்லாம் முன்னே அவர் மகப்பேறு மருத்துவர், அத்துறையில் பாடநூல் எழுதியவர். இரட்டையராகப் பிறந்து, இரட்டையரைப் பிரசவிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

சினிமாவுக்கு வந்தால் கேள்வி மாறிவிடுகிறது. மூத்தவர் யார் என்பது போய், இவர் யார் என்பது வந்து நிற்கிறது. 1940-இல் வந்த உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா இரட்டை இளவரசர்களாக நடித்தார். தமிழில் முதல் இரட்டை வேடம் அது. 1958-இல் அதே கதையைச் சிவாஜி செய்தார். 1965-இல் எங்க வீட்டுப் பிள்ளையில் எம்.ஜி.ஆர். கணினி இல்லாத காலத்தில் ஒரே சட்டகத்துக்குள் இருவரையும் கொண்டுவந்த முறை எளிமையானது, ஆனால் ஈவிரக்கமில்லாதது. லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு நடிகரை இடப்பக்கம் நிறுத்திப் படமெடுப்பார்கள். பிறகு அதே படச்சுருளைத் தொடங்கிய இடத்துக்குச் சரியாகத் திருப்பி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த நடிகரை வலப்பக்கம் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். காமிரா நூலளவு அசைந்தாலும் நடுவே கோடு விழும். இரண்டு முறைக்கும் விளக்கு ஒரே அளவில் இல்லாவிட்டால் சுவரே இரண்டு நிறமாகத் தெரியும். கையை நடுக்கோட்டுக்கு அப்பால் நீட்டினால் கை காணாமல் போகும். அதனால்தான் பழைய படங்களில் இருவருக்கும் நடுவே ஒரு தூணோ கதவோ நிற்கும், இருவரும் தொட்டுப் பேச மாட்டார்கள். தொட வேண்டிய இடத்தில் ஒருவருக்கு முதுகு மட்டும் தெரிய, அங்கே டூப் நிற்பார். இத்தனைக்கும் மேலே, ஆளே இல்லாத வெற்றிடத்தை எதிரில் நிற்பவராகப் பாவித்துச் சரியான உயரத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். அதில் பிசகினால் எந்தக் காமிரா வித்தையும் காப்பாற்றாது.

ஹாலிவுட்டில் மேரிகேட், ஆஷ்லி ஓல்சன் இருவரும் 1987-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரே குழந்தையாக மாறிமாறி நடித்தார்கள். கைக்குழந்தை படப்பிடிப்பில் இருக்கும் நேரத்துக்குச் சட்டம் கடுமையான வரம்பு வைத்திருப்பதால், இரட்டையரை எடுத்தால் வேலை நேரம் இரு மடங்காகும். அவர்கள் ஒரு கரு இரட்டையர் அல்லர் என்பது பார்த்தவர் பலருக்கும் தெரியாது.

விளையாட்டில் சுருக்கமாகச் சிலரைச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர்கள் ஸ்டீவ் வாஹ், மார்க் வாஹ் 1965 ஜூன் 2 அன்று பிறந்தவர்கள். சில நிமிடம் மூத்தவர் ஸ்டீவ். 1991 ஜனவரியில் அடிலெய்டில் மார்க் தன் முதல் டெஸ்டில் 138 எடுத்தபோது, அவருக்காக அணியிலிருந்து இறக்கப்பட்டவர் ஸ்டீவ்தான். பிறகு இருவரும் சேர்ந்து 108 டெஸ்ட் ஆடினார்கள். டெஸ்டில் சேர்ந்து ஆடிய முதல் இரட்டையர் இவர்கள் என்று எழுதுவது ஆண்கள் கிரிக்கெட்டுக்கு மட்டும் பொருந்தும். நியூசிலாந்தின் ரோஸ், லிஸ் சிக்னல் சகோதரிகள் 1984-இலேயே ஆடிவிட்டார்கள். டென்னிசில் பாப், மைக் பிரையன் 16 கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்கள் வென்றார்கள். பாப் இடக்கை, மைக் வலக்கை. பந்து எந்தக் கோணத்தில் வந்தாலும் இருவரில் ஒருவரின் வலுவான கை அங்கே இருக்கும். சர்வீசின் சுழற்சியும் ஆட்டத்துக்கு ஆட்டம் திசை மாறும். ஒற்றுமையைவிட இந்த வேற்றுமைதான் அவர்களுக்குப் பட்டம் வாங்கித் தந்தது.

கடல்கரையில் இருந்துகொண்டு கடலுக்குரிய இரட்டையரை விட முடியாது. இந்தக் கரையில் இரட்டை என்றால் இரண்டு படகு சேர்ந்து இழுக்கும், தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலைதான் அதிகம் பேச்சில் அடிபடுகிறது. பழங்காலத்தில் கடலோடிகளுக்கு இரட்டை என்பது காப்பு. நடுக்கடலில் தத்தளித்த புச்சியு என்பவனை அசுவினி தேவர்கள் நூறு துடுப்புள்ள கலத்தில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள் என்கிறது ரிக்வேதம். கிரேக்கருக்கு அதே வேலையைச் செய்தவர்கள் காஸ்டர், பொல்லக்ஸ். இருவருக்கும் தாய் ஒருத்தி. காஸ்டரின் தந்தை மனிதன், பொல்லக்சின் தந்தை தேவன். இரு கரு இரட்டையருக்குத் தந்தை வேறாக இருப்பது மிக அரிதாக மருத்துவத்திலும் பதிவானதுதான். இடிமேகம் கவிந்த இரவில் பாய்மர உச்சியில் நீலச்சுடர் எரிவதைக் கடலோடிகள் கண்டிருக்கிறார்கள். காற்றில் மின்னழுத்தம் ஏறும்போது கூரான முனைகளில் கசியும் மின்சாரம் அது. இரண்டு சுடர் தெரிந்தால் காஸ்டரும் பொல்லக்சும் வந்துவிட்டார்கள், பயமில்லை. ஒற்றைச் சுடர் தெரிந்தால் கேடு என்று ரோமர் நம்பியதை அவர்களின் எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். பவுல் மால்டாவிலிருந்து ஏறிய அலெக்சந்திரியக் கப்பலின் சின்னமும் இந்த இரட்டையர்தான். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதை மிதுனம் என்கிறது. நம் சோதிடத்தில் மிதுனம் வீணையும் கதாயுதமும் ஏந்திய ஆண் பெண் ஜோடி. கிரேக்கருக்கு அண்ணன் தம்பி.

காஸ்டர், பொல்லக்ஸ் என்று அந்த இரட்டையரின் பேரையே தாங்கிய இரண்டு நட்சத்திரமும்தான் நம் புனர்பூசம். வடமொழியில் அந்தப் பேரே இருமையில், அதாவது இரண்டைக் குறிக்கும் சொல்வடிவில் நிற்கிறது. ராமன் பிறந்த நட்சத்திரம் அது. இரட்டைப் பிள்ளை அல்லாத ராமனின் பேரை இரட்டைப் பிள்ளைக்கு வைக்க ஒரு நியாயம் உண்டென்றால் அது வானத்தில்தான் இருக்கிறது. பங்குனி தொடக்கத்தில் இரவு எட்டு, எட்டரை மணிக்குத் தனுஷ்கோடி மணலிலோ பாம்பன் கரையிலோ வடக்கு நோக்கி நின்று, உச்சிக்கு நேரே பார்த்து, நீட்டிய கையின் மடக்கிய முட்டி (முஷ்டி) அளவில் இரண்டு முட்டி வடக்கே இறங்கினால் அவை தெரியும். இரண்டுக்கும் இடைவெளி மூன்று விரல் அகலம். வலப்பக்கம் மேலே சற்று மஞ்சளாக இருப்பது பொல்லக்ஸ். இடப்பக்கம் கீழே வெள்ளையாக இருப்பது காஸ்டர். பொல்லக்ஸ் சுமார் 34 ஒளியாண்டு தொலைவு, காஸ்டர் சுமார் 51. ஒன்றுக்கொன்று உறவே இல்லை. காஸ்டர் மட்டும் தனக்குள்ளே ஆறு விண்மீன்கள் சேர்ந்த குடும்பம். இரண்டில் ஒளி கூடியது பொல்லக்ஸ்தான். ஆனாலும் 1603-இல் வான்படம் வரைந்த பாயர், ஆல்ஃபா என்ற முதல் எழுத்தைக் காஸ்டருக்குக் கொடுத்தார்; பொல்லக்சுக்கு இன்றுவரை இரண்டாவது எழுத்துதான்.